ஆயா என்று எழுதியிருந்த நம்பர்

அன்புள்ள மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தம்பி தீனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க நம்ம ஊர் மாரியம்மன் துணை இருக்கட்டும் என்று எப்போதும் போல ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், ஆனால் நீ நல்லபடியாக இருக்கிறாயா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது, அதனால் அந்த வரியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். செல்போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். உன் நாகர்கோவில் நர்சிங் ஹாஸ்டலில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது, மாடிக்கு ஒரு போன், அதுவும் வார்டன் அம்மா மேஜை மேல், நான் கூப்பிட்டால் நீ ஓடி வந்து ம் என்றும் சரிம்மா என்றும் சொல்கிறாய், பக்கத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை. உறையின் வாயைச் சோற்றால் ஒட்டி அதன் மேல் டேப்பும் போட்டுத்தான் அனுப்புவேன், யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும், அப்படி இருந்தால் அதையும் எழுது.

இங்கே மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது, மழையில் கொஞ்சம் கறுத்துப்போனதால் சின்னசேலம் வியாபாரி விலையை இழுத்தடிக்கிறான், ஈரம் பார்க்கிற மெஷின் என்று ஒன்றை உள்ளே சொருகி அவன் ஒரு நம்பர் சொல்கிறான், அந்த மெஷின் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பா கரியாலூர் மலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போயிருக்கிறார், மேலே டவர் கிடைக்காது, சனிக்கிழமை இறங்கி வந்தால்தான் குரல் கேட்கலாம். தீனா படிக்கிறான் என்று சொல்கிறான், புத்தகம் திறந்திருக்கிறது, அவன் கண் எங்கே இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஹாஸ்டல் போன் பில்லுக்காக நான் வார்டன் அம்மாவிடம் சண்டை போட்டது உனக்குத் தெரியும். ஊரெல்லாம் மாசத்துக்கு ஒரு ரீசார்ஜ் போட்டுவிட்டு வாய் வலிக்கிற வரைக்கும் பேசுகிறார்கள், உங்கள் ஹாஸ்டலில் மட்டும் நிமிஷத்துக்குக் காசாம், அதையும் ரூம் ரூமாகக் கணக்குப் போட்டு அந்த ரூமில் இருக்கிற ஆறு பேருக்கும் சமமாகப் பிரித்து மெஸ் பில்லோடு சேர்த்து விடுவார்களாம், பேசினவளுக்கும் ஒரே பங்கு பேசாதவளுக்கும் ஒரே பங்கு. நம்ம பங்குக் கிணற்றில் கூட எவன் எவ்வளவு நேரம் இன்ஜின் ஓட்டினான் என்று பார்த்துத்தானே டீசல் காசு வாங்குகிறார்கள். உன் ரூம் சுபஸ்ரீக்கு அப்பா வெளியூரில், அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை, அவள் பேசுகிறதற்கு நாம் அழுகிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வார்டன் அம்மாவைக் கூப்பிட்டு, எந்தப் பொண்ணு எந்த நம்பருக்குப் பேசினாள், அது யாரு என்று பக்கத்தில் எழுதி அனுப்பினால்தான் பங்கு கட்டுவேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அந்த அம்மாவும் சலித்துக்கொண்டே சரி என்றார்கள். இந்த மாசம் நீங்கள் உங்கள் கையால் எழுதின தாளை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மணிலாக் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் நாம் ஜெயித்துவிட்டோம் என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன்.

சுபஸ்ரீ பேர் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தது, அப்பா என்று எழுதியிருந்தாள். மற்ற பொண்ணுங்க பேரும் அங்கங்கே. நடுவில் முழுக்க தேவதர்ஷினி, தேவதர்ஷினி, தேவதர்ஷினி. நம்பர் எல்லாம் ஒரே நம்பர், நேரம் எல்லாம் சாயங்காலம், பக்கத்தில் உன் குண்டு எழுத்தில் ஆயா, ஆயா, ஆயா.

எந்த ஆயாடி. உங்க அப்பாவைப் பெத்த ஆயா போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி ஆகிறது, நீதான் சடலத்தைத் தூக்க விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். என்னைப் பெத்தவளை நீ கண்ணாலேயே பார்த்ததில்லை. ஆயா என்று கூப்பிட இந்த பூமியில் உனக்கு ஒரு ஆள் கிடையாது, செத்தவங்களுக்கு எந்த கம்பெனிக்காரன் டவர் போட்டிருக்கிறான் என்று எனக்குச் சொல். வார்டன் அம்மாவை ஏமாற்ற நல்ல வழிதான் கண்டுபிடித்திருக்கிறாய், கிழவிக்குப் பேசுகிறேன் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தாள் என் கைக்கு வரும் என்று நீ யோசிக்கவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது. பொங்கலுக்கு வந்தபோது சாயங்காலம் ஆனால் நீ தனியாகப் போய் மாட்டுக் கொட்டகை பக்கம் நின்றது, கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினது, கறிக்குழம்பு வைத்தும் பாதிச் சோற்றில் எழுந்தது. உன்னோடு திருக்கோவிலூரில் டியூஷன் படித்த அந்தப் பையன் தமிழ்வேந்தன், லேப் டெக்னீசியன் முடித்துவிட்டுத் தெற்கே எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிறான் என்று அவன் அம்மா சந்தையில் சொன்னாள், தெற்கே என்றால் எந்த ஊர் என்று கேட்டேன், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, இல்லை தெரிந்தும் சொல்லவில்லையோ. போதாததற்குச் சுபஸ்ரீ அம்மாவைக் கூப்பிட்டு நைசாகக் கேட்டேன். அவங்க, உங்க பொண்ணு சாயந்திரம் ஆனா போன் மேசைக்கிட்டயே நிக்குதாம், பேசிட்டு வந்து கண்ணத் துடைச்சிக்கினு படுத்துக்குதாம், எம் பொண்ணு சொல்லுச்சு, எதுக்கும் பாத்துக்கங்க என்று சொன்னார்கள். பாத்துக்கங்க என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால் நான் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து சின்னசேலத்துப் பெரியப்பா உள்ளே வந்துவிட்டார். மறைப்பதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். இன்னாம்மா இது, எங்க அம்மா செத்து எம்மா நாள் ஆவுது, ஆயாவுக்கு எப்டி போனு போவுது என்று கேட்டார். அவர் ஏற்கெனவே போர்வெல் வண்டி வைத்திருக்கிற இளவரசன் என்ற பையனை உனக்குப் பார்த்து வைத்துக்கொண்டு, பொம்பளப் புள்ளைக்கு அவ்ளோ தூரத்துல படிப்பு எதுக்கு என்று வந்து வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி எறங்கி வரட்டும், நா பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு காப்பியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார். உன்னை அங்கே கொண்டு விடுகிற அன்றைக்கு உங்க அப்பா என்ன சொன்னார் என்று நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு பேச்சு வந்துச்சின்னா பெட்டியோட வூட்டுக்கு வந்துடணும், அதுக்கு மேல ஒரு நாள் கூட கெடையாது என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். அவர் சொன்னால் செய்கிற மனுஷன். சனிக்கிழமை அவர் இறங்கி வந்ததும் பெரியப்பா பேச்சைக் கேட்டால் உன் படிப்பு அன்றைக்கே முடிந்தது, அதற்குள் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவும் வியாழக்கிழமை எழுதினது. கடிதம் போய் நீ பதில் எழுதி வருகிறதற்குள் சனிக்கிழமை தாண்டிவிடும் என்பது எழுதி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன், மனசு கேட்கவில்லை, அந்த நம்பருக்கே போட்டேன். ஆம்பளைக் குரல் எடுத்தது. நீ தமிழ்வேந்தனா என்று கேட்டேன். அந்த ஆள், இல்ல, நீங்க ஆயாவத் தேடுதியளா, எங்க அம்மைதான், குடுக்கேன் என்று சொல்லி யாரிடமோ கொடுத்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு வயசான பொம்பளைக் குரல், தர்ஷினியா மக்கா, சோறு உண்டியா, நேத்து ஒறங்குனியா, அந்த ஆளு கனவுல வந்தாரா என்று கேட்டது. எந்த ஆளு. இவள் நடுவில் இருந்து தூது போகிறவள் போல இருக்கிறது என்று நினைத்து, நான் தர்ஷினி இல்லை, அவளைப் பெத்தவ, நீங்க யாரு, அவளுக்கு எந்த வகையில ஆயா ஆவணும், எந்த ஆளு கனவுல வரான் என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

அவங்க மெதுவாகச் சொன்னார்கள். எம் பேரு தங்கபாய், நா ஹாஸ்டல் ஆயால்லா, அங்க இருக்க எல்லா பிள்ளியளுக்கும் ஆயாதான் என்றார்கள். எங்க ஊர்ல ஆயான்னா அப்பாவப் பெத்தவங்கதாங்க என்றேன். இங்க அது பாட்டிம்மா, ஆயான்னா கூட்டிப் பெருக்கி வேலை செய்யுதவ என்றார்கள். பால்வாடியில் இருக்கிறவங்களை நாமும் ஆயா என்றுதானே கூப்பிடுகிறோம், உன்னையே பால்வாடி ஆயா இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாங்களே, அது என் புத்திக்கு எட்டவே இல்லை, ஆயா என்று பார்த்ததும் செத்தவங்க முகம்தான் கண்ணில் நின்றது. அப்படியும் நான் உடனே நம்பிவிடவில்லை. ஹாஸ்டல் ஆயாவுக்கு எதுக்குத் தினமும் போன், அவ ஏன் அழுவுறா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் அவங்க சொன்னதை நீயே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்னாலேயே உன்னை முதல் தடவை வார்டில் விட்டபோது ஒரு பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனாராம், பிடித்த கையை உன்னால் விடுவிக்க முடியாமல் வேறொரு சிஸ்டர் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார்களாம். அதிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லையாம், கண்ணை மூடினால் அவர் வருகிறாராம், தங்கபாய் அம்மாதான் உன் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்களாம். போன மாசம் அவங்க துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அதனால்தான் நீ போனில் பிடித்துக்கொண்டாய். இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெத்தவளிடம் சொல்லாமல் உங்ககிட்ட ஏன் சொல்லணும் என்று கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன், மறைக்கவில்லை. அதற்கு அவங்க, நா அம்மைக்கிட்ட சொல்லு மக்கான்னு சொன்னேன், எம் முன்னாலதான் ஒங்களுக்குப் போன் போட்டா, அம்மா இன்னைக்கு வார்டுலன்னு தொடங்குனா, ஒடனே வச்சிட்டா, என்ன மக்கான்னு கேட்டேன், அம்மா வை வை, பில்லு ஏறுதுன்னு சொல்லிட்டாங்க ஆயா என்னு சொன்னா என்றார்கள்.

எனக்கு அந்த நாள் எது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை தேவி. அதுதான் என்னை அறுக்கிறது. ஞாபகம் வருகிற மாதிரி ஒரு நாள் சொல்லியிருந்தால் பரவாயில்லை, எல்லா நாளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் போல. அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அம்மா என்று உன் எழுத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஆயாவைத் தேடின அவசரத்தில் அதை நான் பார்க்கவே இல்லை.

இனி சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அப்பா வருவதற்கு முன்பே பெரியப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா வண்டியை நிறுத்தி மேலெல்லாம் கிழங்கு மண்ணோடு வந்தவர் முகம் கூடக் கழுவவில்லை, பெரியப்பா ஆரம்பித்துவிட்டார், உம் பொண்ணு செத்துப்போன எங்க அம்மாவுக்குத் தெனமும் போனு போட்டுக்கினு இருக்குது, நீ மலையில கெழங்கு ஏத்திக்கினு இரு என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னேன், ஆயான்னா ஹாஸ்டல்ல வேல செய்ற அம்மாங்க, கால் ஒடஞ்சி படுத்துக்கினு இருக்காங்க, நர்சுக்குப் படிக்கிற பொண்ணு கட்டு எப்டி இருக்குதுன்னு கேக்குது, இதுல இன்னா தப்பு என்றேன். பெரியப்பா நம்பவில்லை. போட்டுக் குடு, நானே கேக்கறேன் என்று கையை நீட்டினார். தங்கபாய் அம்மாவிடம் நான் எதையும் சொல்லி வைக்கவில்லை, நீ அழுகிறதை அவங்க சொல்லிவிட்டால் என்ன செய்வது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அம்மா, நான் தர்ஷினி அம்மா பேசறேன், இங்க அவங்க அப்பாவும் பெரியப்பாவும் கூட இருக்காங்க என்று மட்டும் சொன்னேன். அவங்க ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஒங்க பிள்ள தங்கமான பிள்ள, எனக்கு மாத்திரை நேரம் அவதான் ஞாபகப்படுத்துதா, வீக்கம் எறங்கிச்சான்னு தெனமும் கேப்பா, நல்ல நர்சு ஆயிருவா பாத்துக்கிடுங்க என்றார்கள். முகம் பார்க்காத பொம்பளை. அந்த வார்த்தைக்கு அவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, அதுக்குன்னு நம்ம காசுலயா ஊர் ஆயாவுக்கு வைத்தியம் என்று முனகினார். வுடுண்ணா என்றார் அப்பா. அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கொயந்த நல்லா இருக்குதா என்று கேட்டார். நல்லா இருக்குது என்றேன். உன் பொய்யைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினவள் கடைசியில் நானே உங்க அப்பா முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். பயந்துபோய் அழுதுக்கினு இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அவர் அப்படியே வண்டியைத் திருப்பி நாகர்கோவிலுக்கு விட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், பாசத்தில்தான் செய்வார், நீ வந்து இறங்குவதற்குள் பெரியப்பா இளவரசன் வீட்டுக்குத் தட்டோடு போயிருப்பார். கெட்ட பேர் வந்தாலும் வீட்டுக்கு, அழுதாலும் வீட்டுக்கு, பொண்ணுங்களுக்கு இந்த ஒரு வழிதான் வைத்திருக்கிறார்கள். அதனால் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தங்கபாய் அம்மா என்னிடமும் பாதியைத்தான் சொன்னார்களோ என்று இருக்கிறது. நீ சோறு சாப்பிடுகிறாயா, இல்லை தட்டை எடுத்துப் போய்க் கொட்டுகிறாயா. ராத்திரி இப்போது உன் பக்கத்தில் யார் படுக்கிறார்கள். இந்த வேலை உனக்கு வேண்டுமா வேண்டாமா, பயத்தோடேயே பழகிவிடலாம் என்று நினைக்கிறாயா, இல்லை அப்பா சொல்லுக்குப் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாயா. இருக்கிறேன் என்று சொன்னால் யார் குறுக்கே வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். முடியாது, வருகிறேன் என்று சொன்னால் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், ஆனால் அது இளவரசனுக்காக இருக்காது, அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் உன் வாயால் நான் கேட்க வேண்டும், வேறு யார் வாயாலும் வேண்டாம்.

வார்டன் அம்மாவிடம் பங்கைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், இனிமேல் யார் யாருக்குப் பேசினார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன், அந்த அம்மா அதற்கும் சலித்துக்கொண்டார்கள். சுபஸ்ரீயிடம் நான் அவளைத் தப்பாக நினைத்ததைச் சொல்லாதே, அடுத்த தடவை வரும்போது அவளுக்கும் சேர்த்து எள்ளுருண்டை தந்து விடுகிறேன். தங்கபாய் அம்மாவுக்குத் தினமும் பேசு, அதை நான் தடுக்கவில்லை, என் கும்பிடு என்று சொல். தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே.

அப்பா திங்கட்கிழமை மறுபடி மலைக்குப் போய்விடுவார், தீனா டியூஷனில் இருப்பான், சாயங்காலம் வீட்டில் நான் ஒருத்திதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. வார்டன் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெரியவர் உன் கையை எப்படிப் பிடித்தார் என்பதிலிருந்து சொல். நான் வை என்று சொல்ல மாட்டேன். பேச வராமல் நீ அழுதுகொண்டே இருந்தாலும் நான் கேட்டுக்கொண்டு இருப்பேன், அதுவும் பில்லில் ஏறட்டும்.

உன் தலையில் கை வைத்து வாழ்த்தும்,
உன் அம்மா,
ப. செல்லியம்மாள்